தேதி கிடைக்கும் வரை

முதுகு வளைந்த குழந்தையின் கோப்பு என் மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இரண்டு எக்ஸ்ரே படங்களை. ஒன்று முதன்முதலாக எடுத்தது, மற்றது கடைசியாக எடுத்தது. முதல் படத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 38 என்று எழுதியிருப்பார்கள். கடைசிப் படத்தில் 64 என்று இருக்கும். இடையில் இரண்டு வருஷம் போயிருக்கும். அந்த 26 டிகிரிதான் அந்தப் பிள்ளை காத்திருந்த காலம். மாதக்கணக்கு, நாள்கணக்கு எல்லாம் அதற்கப்புறம்தான்.

நான் மயக்க மருந்து மருத்துவர். தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் எலும்பு அறுவை அரங்கில் அனஸ்தீசியா கொடுக்கிறேன். கத்தி என் கையில் இல்லை. ஆனால் இன்றைக்கு இந்தக் கேஸ் நடக்குமா நடக்காதா என்று காலை ஏழரை மணிக்குக் கடைசியாகச் சொல்ல வேண்டியவள் நான்தான். குழந்தைகளின் முதுகெலும்பு அறுவை ஏன் தள்ளித் தள்ளிப் போகிறது என்பது அந்த இடத்தில் நின்றால் நன்றாகவே தெரியும்.

டிகிரிக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948-ல் எழுதிவைத்த அளவு இது. வளைவின் மேல்முனையில் மிகவும் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பை ஒட்டி ஒரு கோடு, கீழ்முனையில் சாய்ந்திருப்பதை ஒட்டி ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம்தான் கணக்கு. பத்து டிகிரி வந்தாலே ஸ்கோலியோசிஸ் என்போம். வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 வரை இருந்தால் முதுகைத் தாங்கும் பிரேஸ் போடலாம். 45, 50-ஐத் தாண்டி, வளர்ச்சியும் பாக்கி இருந்தால் அறுவை. பிரேஸ் பலன் தருமா என்று நீண்ட காலம் விவாதம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் அதை முடித்துவைத்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் அறுவை எல்லையைத் தொடாமலே வளர்ந்து முடித்தார்கள். போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம்.

ஆக, 38-ல் இருந்த பிள்ளைக்கு ஒரு வழி திறந்திருந்தது. 64-ல் அது மூடிவிட்டது.

பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் வளைவு வேகம் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்கே அதிகம். நம் வீடுகளில் அம்மா மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நின்றுபோவதும் அதே வயதில்தான். வயசுக்கு வந்த பிள்ளையின் முதுகை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. சீருடைச் சுடிதாரும் அதன்மேல் போடும் ஓவர்கோட்டும் மிச்சத்தை மறைத்துவிடும். "முதல்ல யாரும்மா கவனிச்சது?" என்று எல்லாத் தாய்மார்களிடமும் கேட்பேன். அடிக்கடி வரும் பதில், "டைலரக்கா." தாவணிக்கு ஜாக்கெட் அளவெடுக்கும்போது, ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கே, ஒரு பக்க முதுகு தூக்கலா இருக்கே என்று அவர்தான் சொல்லியிருப்பார். அப்புறம் பாட்டி, "வளர வளர சரியாப் போயிரும்" என்பார். அப்புறம் ஓர் எண்ணெய், ஒரு கட்டு வைத்தியம். இதிலேயே ஒரு வருஷம் ஓடிவிடும். எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறாத வருஷம் அது.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. பிள்ளையை வெறுங்காலில், கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் கும்பிடுவதுபோல் சேர்த்துக்கொண்டு மெதுவாகக் குனியட்டும். பின்னால் நின்று முதுகின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஜப்பானில் 1979 முதல் பள்ளிகளில் முதுகைப் பார்ப்பது சட்டப்படி கட்டாயம். நம் நாட்டிலும் 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் வேன் வைத்துக்கொண்டு பள்ளிபள்ளியாகப் போகின்றன. இதயக் கோளாறு, வளைந்த பாதம், பார்வைக் குறை என்று அவர்கள் தேட வேண்டிய பட்டியலில் சுமார் முப்பது இருக்கின்றன. முதுகின் பக்கவாட்டு வளைவு அதில் தனியாக இல்லை. வேன் வருகிறது, டாக்டர் இருக்கிறார், பிள்ளை எதிரில் நிற்கிறது. குனியச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

சரி, மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். அதன் பிறகும் தேதி எளிதில் கிடைப்பதில்லை. எல்லோரும் "தியேட்டர் இல்லை, சர்ஜன் இல்லை, அதனால் தாமதம்" என்றே நினைக்கிறார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். முதுகெலும்பு யூனிட்டின் சர்ஜனும், வார்டு சிஸ்டர் ஒருவரும், நானும் சேர்ந்து ஒரு நீள லெட்ஜர் போட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. பெயர், வயது, முதல் ஓ.பி. தேதி, அன்றைய டிகிரி, இன்றைய டிகிரி. கடைசிக் கட்டத்துக்கு சிஸ்டர் கொடுத்த தலைப்பு: "எதுக்காக நிக்குது?"

சனிக்கிழமை தோறும் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் அவர் உரக்கப் படிப்பார். எம்.ஆர்.ஐ. தேதி. எக்கோ. நுரையீரல் சோதனை. குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் சேர்க்கவில்லை. ஆதாரில் ஒரு இனிஷியல், அட்டையில் வேறொன்று. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று. ஹீமோகுளோபின் ஒன்பது. ரத்தம் கொடுக்க ஆள் இல்லை. ஐ.சி.யு. படுக்கை. சளி. படிக்கப் படிக்க எங்களுக்கு ஒன்று விளங்கியது. தியேட்டருக்காக மட்டும் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் ஏதோ ஒரு சின்னக் காகிதத்துக்காகவோ சோதனைக்காகவோ நின்றார்கள். அதை யார் முடித்துக்கொடுப்பது என்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

அப்போதிருந்த வழக்கம், படுக்கை பிடித்துவைக்க முதலில் அட்மிட் செய்வது. சோதனைகள் பிறகு. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு ஓ.பி. நாள். இருதயப் பிரிவுக்கு ஒரு நாள், நரம்பியலுக்கு ஒரு நாள், மயக்கம் தாங்குமா என்று நான் பார்க்கும் ஃபிட்னஸுக்கு இன்னொரு நாள். நன்றாக ஓடியாடும் பிள்ளை வார்டில் வாரக்கணக்கில் கிடக்கும். பக்கத்துக் கட்டிலில் இருமல். பிள்ளைக்கும் இருமல் தொற்றும். நெஞ்சில் சளிச் சத்தம் கேட்டால் என்னால் மயக்கம் கொடுக்க முடியாது. குப்புறப் படுத்து ஆறேழு மணி நேரம் நடக்கிற அறுவை அது. இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிவைப்பேன். வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ரத்தச் சோதனைகள் பழசாகியிருக்கும், காப்பீட்டு அனுமதியை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். காத்திருந்ததாலேயே மேலும் காத்திருக்க வேண்டி வந்தது.

இதை மாற்ற நாங்கள் புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு தனி ஓ.பி. திறந்தோம். எக்கோ, நுரையீரல் சோதனை, குழந்தை நல மருத்துவர், நான், காப்பீட்டு மேசையில் இருக்கும் வார்டு மேலாளர், எல்லோரும் ஒரே தாழ்வாரத்தில். நடு ராத்திரியில் பஸ் ஏறி வரும் அப்பாவுக்கு ஒரே ஒரு நாள் கூலிதான் போகும். என் ஃபிட்னஸ் கிடைத்த பிறகுதான் அட்மிஷன், அதுவும் அறுவைக்கு முந்தின நாள். இரும்புச்சத்து மாத்திரையை முதல் ஓ.பி. அன்றே கையில் கொடுத்துவிடுகிறோம். ஃபிட்னஸுக்கு வரும்போது ரத்தம் குறைவு என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதில் யாருக்கு என்ன லாபம்? முதல்வர் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் செய்யும் அறுவைக்கும் அந்தப் பணம் வரும். திட்டம் நல்ல திட்டம். ஆனால் அட்டையில் பிள்ளையின் பெயர் இருந்தால்தான் அது அந்தப் பிள்ளைக்கு. அதனால் டிகிரியைப் பார்ப்பதற்கு முன்பே சிஸ்டர் அட்டையைப் பார்க்கிறார்.

ரத்தம் தனிக் கதை. பெற்றோர் எல்லோரும் மே மாதம் கேட்பார்கள், பரீட்சை முடிந்துவிடும், பள்ளி போகாது என்று. கல்லூரிகள் மூடி, ரத்ததான முகாம்கள் படுத்துவிடும் மாதமும் மே மாதம்தான். இதற்கு இரண்டு வழி கண்டோம். ஒன்று, பிப்ரவரியிலேயே பெற்றோரிடம், "எங்களுக்கு மே வேண்டாம், ஜூலை கொடுங்க" என்று பேசுவது. பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் ஒழியப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, டிரனெக்ஸாமிக் அமிலம். ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்து 1962-ல் அறிவித்த மருந்து. விலை மிகக் குறைவு. தோலைக் கீறுவதற்கு முன்பே இதை ஏற்றத் தொடங்கினால் ரத்தச் சேதம் நன்றாகக் குறைகிறது. இத்தனை யூனிட் கைக்கு வந்தால்தான் கேஸ் என்று காத்துக்கிடந்த நாட்கள் இதனால் குறைந்தன.

தாமதத்துக்கு அரங்குக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது. கம்பி போட்டு முதுகை நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபட்டால் கால் விளங்காமல் போகலாம். அதைக் கண்காணிக்க ஒரு கருவி உண்டு. தலையில் மின்தூண்டல் கொடுத்தால் காலில் அலை வருகிறதா என்று அறுவை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்காக நான் வாயு மயக்கத்தை ஒதுக்கிவிட்டு, ப்ரொபோஃபாலை நரம்பு வழியாகச் சீராக ஓட விடுவேன். தசை தளர்த்தும் மருந்தைச் சுவாசக் குழாய் போட்டதோடு நிறுத்திவிடுவேன். கருவி எங்களிடம் இருந்தது. அதை இயக்கும் டெக்னீஷியன் வெளியூரிலிருந்து வர வேண்டும். அவர் வராத நாளில் கேஸ் நிற்கும். கடினமான வளைவுகளுக்கு இன்றும் அவருக்காகக் காத்திருக்கத்தான் செய்கிறோம். அதில் சமரசம் கிடையாது. மிதமான வளைவுகளுக்குப் பழைய முறையைக் கையில் எடுத்தோம். 1973-ல் பிரான்சில் ஸ்டக்னாரா குழுவினர் விவரித்த எழுப்பிப் பார்க்கும் சோதனை அது.

முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் உட்கார்ந்து பழக்குவேன். "நாளைக்கு நடுவுல உன்னைக் கூப்பிடுவேன் கண்ணு. வலிக்காது. நான் சொன்னதும் ரெண்டு கையையும் இறுக்கணும், அப்புறம் கால் விரலை ஆட்டணும். கண்ணைத் திறக்கவே வேண்டாம்." மறுநாள் கம்பியைப் பூட்டி முடித்ததும் சர்ஜன் கையை எடுத்துக்கொண்டு நிற்பார். நான் மருந்தைக் குறைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து, கீழ்நோக்கி இருக்கும் அந்த முகத்தருகில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கை இறுகும். பிறகு துணிக்கு அடியில் கட்டை விரல் மேலும் கீழும் அசையும். "ரெண்டும் வருது மேடம்" என்று பி.ஜி. மாணவர் சொல்வார். உடனே மறுபடி தூங்கவைத்துவிடுவேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நினைவில் இருப்பதே இல்லை.

இதையெல்லாம் விட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. 50 டிகிரியில் வரும் பிள்ளைக்குச் சாதாரணமாக ஐ.சி.யு.வில் ஒரு ராத்திரி போதும். இரண்டு மூன்று நாளில் எழுந்து நடக்கும், ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்குப் போகும். அதே பிள்ளை 100 டிகிரியில் வந்தால் கதையே வேறு. வளைவு இறுகியிருக்கும், நுரையீரல் நசுங்கியிருக்கும். தலையில் வளையம் மாட்டி எடை கட்டி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இழுத்த பிறகுதான் மேசைக்கே வர முடியும். அறுவை நீளும், ரத்தம் அதிகம் போகும், வென்டிலேட்டரில் சில நாள் இருக்க வேண்டி வரலாம். தாமதமாக வந்த ஒரு பிள்ளைக்கு ஆகும் படுக்கை நாட்களில் சீக்கிரம் வந்த நான்கைந்து பிள்ளைகளுக்கு அறுவை முடித்துவிடலாம். அப்போது அந்த நான்கைந்து பேரும் தள்ளிப்போவார்கள். அவர்களும் இறுகிப்போய்த் திரும்பி வருவார்கள். ஒரு முனையில் இந்தச் சங்கிலியை அறுத்தால்தான் மறுமுனை தளரும்.

அதனால்தான் முதலில் வந்தவருக்கு முதல் தேதி என்ற முறையை விட்டுவிட்டோம். பார்க்க அது நியாயமாகத் தெரியும். ஆனால் வளர்ச்சி முடிந்து 52-ல் நிலைத்துவிட்ட 17 வயதுப் பெண் மூன்று மாதம் பொறுக்கலாம். இன்னும் பூப்படையாத 11 வயதுக் குழந்தையின் 48 பொறுக்காது. காசநோயில் முள்ளெலும்பு கரைந்து கூன் விழுந்த குழந்தைகளும் எங்களிடம் வருகிறார்கள். மருந்து முடிந்து நோய் ஆறிய பிறகும் சிலருக்குக் கூன் கூடிக்கொண்டே போகும். யாருக்குக் கூடும் என்பதற்கான எக்ஸ்ரே அடையாளங்களைக் கோயம்புத்தூர் முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2001-ல் வெளியிட்டார். அந்த அடையாளம் உள்ள குழந்தை எங்கள் லெட்ஜரில் மேலே ஏறும். "எங்களுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு எப்படி மேடம் முதல்ல?" என்று கேட்கிற பெற்றோருக்கு லெட்ஜரைத் திறந்தே காட்டுகிறோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கோடும் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். சண்டை வந்ததில்லை.

ஐ.சி.யு. படுக்கையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. டுஷென் தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பையன், 13 வயது. நடை நின்று சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு முதுகு சரியத் தொடங்கியிருந்தது. அம்மாதான் தூக்கிக்கொண்டு வருவார். அறுவைக்குக் கொடுத்த முதல் தேதி அன்று விடியற்காலையில் பூச்சி மருந்து குடித்த ஓர் இளைஞர் வந்தார், படுக்கை அவருக்குப் போனது. இரண்டாவது தேதிக்கு முந்தின ராத்திரி பைபாஸில் வேன் கவிழ்ந்தது. இரண்டு முறையும் அந்தப் படுக்கை ஓர் உயிரைக் காப்பாற்றியது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. இடையில் பையனுக்கு நிமோனியா வந்தது. வழக்கத்தில் பாதியைவிடச் சற்றுக் குறைவாக இருந்த நுரையீரல் கொள்ளளவு, மூன்றாவது முறை அளந்தபோது கால் பங்குக்கு வந்திருந்தது. எங்கள் வசதியில் இனி மயக்கம் கொடுத்தால் வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாது என்று நானும், சர்ஜனும், நெஞ்சக மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

நான்தான் பையனின் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முதல் தேதியிலயே பண்ணியிருந்தா முடிஞ்சிருக்குமா டாக்டரம்மா?"

"முடிஞ்சிருக்கும்மா."

வேறு என்ன சொல்வது? அவரிடம் மழுப்ப எனக்கு மனசு வரவில்லை. பையனுக்கு முதுகைத் தாங்கும் இருக்கை ஒன்று செய்துகொடுத்தோம்.

அதற்குப் பிறகு டீனிடம் போய் நின்றோம். முதுகெலும்பு வார்டின் மூலையில் கண்காணிப்புக் கருவியும் ஆக்சிஜன் இணைப்பும் உள்ள இரண்டு கட்டில்கள் கேட்டோம், இந்தக் குழந்தைகளைத் தவிர யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற எழுத்து உத்தரவோடு. உத்தரவு கிடைத்தது. சாதாரண வளைவுள்ள பிள்ளைகள் பலருக்கு இப்போது ஐ.சி.யு. தேவைப்படுவதே இல்லை. அந்தக் கட்டிலிலேயே ஒரு ராத்திரி பார்த்துக்கொள்கிறோம். அறுவையையும் வாரத் தொடக்கத்துக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை அறுவை என்றால் சனி, ஞாயிறு ஆள் குறைவான நேரத்தில் பிள்ளை கண் விழிக்கும், பிசியோதெரபி இருக்காது, எழுந்து நடப்பது இரண்டு நாள் தள்ளும். காலை எட்டுக்கு முன் பிள்ளை மேசையில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கண்டிப்பு. பத்து மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பி பூட்டிக்கொண்டிருப்போம். அடுத்த வாரம் யாராவது ஒருவர், "லேட்டாத் தொடங்கினா வேண்டாம்" என்று கேஸைத் தள்ளுவார்.

முகாம் போட்டுப் பட்டியலைத் தீர்த்துவிடலாம் என்று அவ்வப்போது யோசனை வரும். வெளியிலிருந்து ஒரு குழு இரண்டு நாள் வந்து அடுத்தடுத்து அறுவை செய்துவிட்டுப் போகும். வருகிறவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் புண் சீழ் பிடித்தாலோ ஒரு திருகு தளர்ந்தாலோ பார்க்க வேண்டியவர்கள் நாங்கள். அந்த வாரம் எங்கள் கட்டில்கள் நிரம்பி மற்ற பிள்ளைகள் தள்ளிப்போவார்கள். வாரம் தவறாமல் நடக்கும் ஓர் அறுவையை நான் எந்த முகாமுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பணக்கார நாடுகளிலும் இது எளிதாகத் தீரவில்லை. அயர்லாந்தில் 2017 பிப்ரவரியில், முதுகு வளைந்த பிள்ளைகள் காத்துக்கிடப்பதை ஆர்.டி.ஈ. தொலைக்காட்சி காட்டியது. நாடே கொதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எந்தக் குழந்தையும் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸ் வாக்குக் கொடுத்தார். பணமும் ஒதுக்கினார்கள். வாக்கு நிறைவேறவில்லை, பெற்றோர்கள் இன்னும் போராடுகிறார்கள். ஆனாலும் அவர்களைப் பார்த்து எனக்கு ஒரு ஆதங்கம். எத்தனை குழந்தைகள், எத்தனை மாதம் என்ற எண் அங்கே பொதுவெளியில் வருகிறது. அமைச்சரை நிறுத்திக் கேள்வி கேட்க அது உதவுகிறது. எங்கள் லெட்ஜரோ ஒரு சிஸ்டரின் பொறுமையில் நடக்கிறது. அவருக்கு இடமாறுதல் வந்தால் அடுத்தவர் தொடர வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பட்டியல் இருக்க வேண்டும், அதைக் கவனிக்கவென்றே ஒரு செவிலியர் பணியிடம் வேண்டும், மாதம் ஒருமுறை அந்த எண் வாசலில் ஒட்டப்பட வேண்டும். நானும் சர்ஜனும் இதை எழுத்தில் கேட்டிருக்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம்.

இதைப் படிக்கிற டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் ஒன்று கேட்கிறேன். தசைச் சிதைவு உள்ள பிள்ளை நடப்பதை நிறுத்திய உடனேயே உங்கள் பக்கத்து முதுகெலும்பு யூனிட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சரியட்டும், பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். உட்கார்ந்த நிலையில் ஓர் எக்ஸ்ரே, ஒரு நுரையீரல் சோதனை, இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எங்கள் மாவட்டத்துப் பிள்ளை என்றால் எந்தச் சனிக்கிழமையும் எட்டு மணிக்கு வரலாம். கடிதம்கூட வேண்டாம், குடும்ப அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.